பிள்ளைகள் செஞ்ச படங்கள ஹார்ட் டிஸ்க்ல பூட்டி வைக்காம ஆக்களுக்கு காட்டுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட வாசகர் பக்கத்தில கொஞ்ச நாளைக்கு முன்னுக்கு ஒருத்தர் எழுதியிருந்தார், ஓஎல் ஏஎல் முடிச்சிட்டு மீடியா கோர்ஸ் எண்டு போற பிள்ளைகள் போன தூக்கிக்கொண்டு ரோட்டு ரோட்டா திரியுறத தவிர ஒண்டும் படிக்கிறதில்ல, பெத்தவங்களின்ட காசுதான் கரையுது எண்டு. அத வாசிச்சு தலையாட்டின வீடுகள் நிறைய இருக்கும், எனக்கே ரெண்டு மூண்டு பேர் அத போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி இதுக்கு என்ன சொல்றீங்க எண்டு கேட்டாங்க. நான் பகல்ல வீடியோ எடிட்டர் வேலை, பின்னேரத்தில கொழும்புல தமிழ் மொழி மூலம் நடக்கிற ஒரு தொழிற்பயிற்சி மீடியா கோர்ஸ்ல எடிட்டிங்கும் சவுண்டும் படிப்பிக்கிறன். எழுதினவர் மேல எனக்கு கோபம் இல்ல. இந்தப் பிள்ளைகள் செஞ்ச வேலை ஒண்ட அவர் பார்த்திருக்க சந்தர்ப்பமே இல்ல, ஏனெண்டா அத ஒருத்தருக்கும் காட்டுறதில்ல. எனக்கு இருக்கிற பெரிய முறைப்பாடே அதுதான், அதச் சொல்லத்தான் எழுதுறன், நீளமா வந்தா பொறுத்துக்கொள்ளுங்க.

இது என்ன படிப்பு எண்டு முதல்ல சொல்லணும். மீடியா எண்ட உடனே எல்லாருக்கும் நினைப்பு வாறது டிவியில நியூஸ் வாசிக்கிறதும் றேடியோல கதைக்கிறதும்தான், ஆனா எங்கட வகுப்பில இருக்கிற பிள்ளைகள் கூடுதலா கமராவுக்கு பின்னால நிக்கப் போறவங்க, லைட் போட, சவுண்ட் எடுக்க, எடிட் பண்ண, கிராபிக்ஸ் செய்ய, அனிமேஷன் கீற. 1990ம் ஆண்டு 20ம் இலக்க சட்டத்தில வந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு கீழ வாற விஷயம் இது. என்விகியூ எண்டு எல்லாரும் சொல்ற தேசிய தொழிற் தகைமை 1ல இருந்து 7 வரைக்கும் படிப்படியா போகும், 4 வரைக்கும் சர்டிபிகேட், 5ம் 6ம் டிப்ளோமா, 7 எண்டா டிகிரி மட்டம். இரத்மலானையில இருக்கிற யுனிவோடெக் எண்ட தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் 2008ம் ஆண்டு சட்டத்தில வந்ததே இந்தப் பாதையால வாற பிள்ளைகள் டிகிரி வரைக்கும் போகணும் எண்டுதான். கெம்பஸ் கிடைக்கேல்ல எண்டு வீட்டில அழுதுகொண்டிருக்கிற எத்தினை பேருக்கு இது தெரியும்? பள்ளிக்கூடத்தில தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எண்டு ஏஎல்லுக்கு ஒரு பாடமே இருக்கு, அத எடுத்த பிள்ளைக்குக்கூட அதுக்கு பிறகு எங்க போகலாம் எண்டு சொல்ல ஆள் இல்ல.

திரியுறாங்க எண்டு சொன்னாரே, அந்தத் திரியுறது எங்கட பாடத்தில ஒரு பகுதி. தொடக்கத்திலயே நாங்க குடுக்கிற ஒரு வேலை, ஒரு இடத்துக்கு போய் அரை நிமிஷம் அந்த இடத்தின்ட சத்தத்த மட்டும் ரெக்கோட் பண்ணிக்கொண்டு வாங்க எண்டு. ஆள் கதைக்கக் கூடாது, பாட்டு இருக்கக் கூடாது. ரூம் டோன் எண்டு சொல்லுவம். எடிட் பண்ணக்குள்ள ஒருத்தரின்ட கதையில ஒரு இருமலையோ ஒரு தடுமாற்றத்தையோ வெட்டி எடுத்தா அந்த இடத்தில சத்தமே இல்லாம ஒரு ஓட்டை விழும், கேக்கிறவன்ட காது உடனே கண்டுபிடிச்சிடும், அத மூடுறதுக்கு அதே இடத்தின்ட வெறும் சத்தம் வேணும். பிள்ளைகள் வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் இத எடுக்கப் போய் திண்டாடுவாங்க, ஏனெண்டா கொழும்புல அரை நிமிஷம் ஒரே மாதிரி சத்தம் கிடைக்கிறது லேசில்ல, காகம் கத்தும், காலி வீதியில 100ம் இலக்க பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போகும், கடற்கரைப் பக்கம் ரயில் போகும், எல்லாம் ஓய்ஞ்சுது எண்டு பட்டன அமத்தினா பாண் ஓட்டோ பாட்டோட வரும். ஆனா அந்த வேலைய செஞ்சு முடிச்ச பிள்ளை அதுக்கு பிறகு தன்ட தெருவ வேற மாதிரித்தான் கேக்கும். எந்த நேரத்தில எது அடங்கும், எந்தச் சுவர் சத்தத்த திருப்பி அடிக்கும், எந்த ஃபேன் மைக்ல ஏறும் எண்டெல்லாம் தானாத் தெரியவரும். இத புத்தகத்தில வாசிச்சு எடுக்க ஏலாது.

வெளிச்சமும் அப்படித்தான். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், எண்டா செக்கனுக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு லைட் ரெண்டு தரம் கூடிக் குறையும். டியூப் லைட் ஒரு செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும், கண்ணுக்கு தெரியாது, கமராவுக்கு தெரியும். கனக்க போன்கள் வாங்கின உடனே ஒரு செக்கனுக்கு 30 ஃப்ரேம் எண்ட செட்டிங்லதான் இருக்கும், அது 60 ஹேர்ட்ஸ் கரண்ட் ஓடுற அமெரிக்கா மாதிரி நாடுகளுக்கு சரி, எங்கட வீட்டு லைட்டுக்கு கீழ எடுத்தா படத்தில கோடு கோடா ஓடும் இல்லாட்டி துடிக்கும். 25 ஃப்ரேமுக்கும் ஷட்டர் வேகத்த ஒரு செக்கன்ல 50ல ஒரு பங்குக்கும் மாத்தினா பிரச்சினை போயிடும். வெளிநாட்டு வீடியோக்கள பார்த்து படிச்ச பிள்ளை இது கமரா பழுது எண்டு நினைச்சுக்கொண்டு கடைக்கு ஓடும், வகுப்பில ஒரு தரம் காட்டினா ஏன் எண்டு விளங்கி தன்ட தம்பிக்கும் சொல்லிக் குடுக்கும்.

ப்ரொஜெக்ட்டுகளப் பற்றித்தான் நான் கூட எழுத விரும்புறன், ஏனெண்டா பிள்ளைகளின்ட உயிரே அதிலதான் கிடக்கு. பேர் போடேல்ல, அவங்களிட்ட கேக்காம போடக்கூடாது. ஹட்டன் பக்கத்தில இருந்து வந்து தெமட்டகொடையில போர்டிங்ல இருந்த ஒரு பெடியன் புறக்கோட்டையில மூட்டை தூக்குற நாட்டாமிமாரப் பற்றி ஒரு டொக்கியூமென்டரி செஞ்சான். புறக்கோட்டையில இருந்த மரக்கறிச் சந்தை, மெனிங் மார்க்கெட், 2020 கடைசியில பேலியகொடைக்கு மாறினது எல்லாருக்கும் தெரியும், ஆனா மரக்கறி மூட்டை தூக்கி வாழ்ந்த ஆக்கள் அதுக்கு பிறகு என்ன செஞ்சாங்க எண்டு நாங்க யோசிச்சமா? சிலர் பேலியகொடைக்கே போனாங்க, சிலர் நாலாம் குறுக்குத் தெரு அஞ்சாம் குறுக்குத் தெருவில வெங்காயமும் பருப்பும் அரிசியும் இறக்குற வேலைக்கு வந்தாங்க, ஒரு வயசான மனுசன் வண்டில இழுக்க ஏலாம கடை வாசல்ல காவலுக்கு இருக்கிறார். அந்தப் பெடியன் முதல் முறை கமராவோட போகக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு கமரா இல்லாம போய் அவங்களோட இருந்து தேத்தண்ணி குடிச்சு, அவன்ட தாத்தா தோட்டத்தில கொழுந்து மூட்டை சுமந்த கதைய சொல்லி, அதுக்கு பிறகுதான் அவங்க வாய் திறந்தாங்க. மைக்குக்கு பூம் கம்பு வாங்க காசில்லாம பெயின்ட் ரோலரின்ட நீட்டுக் கம்பில மைக்க டேப் ஒட்டிக் கட்டி வேலை செஞ்சான். சத்தம் அவ்வளவு சுத்தமா வந்திருந்தது, வண்டில் சில்லு கல்லுல ஏறி இறங்குறது, வழி விடச் சொல்லி போடுற குரல், மூட்டை தோள்ல விழுற சத்தம் எல்லாம்.

இன்னொரு பிள்ளை ஸ்டொப் மோஷன்ல அனிமேஷன் செஞ்சா, கடதாசி வெட்டி வெட்டி. ஒரு செக்கனுக்கு 12 படம் எண்டு வச்சா ஒரு நிமிஷத்துக்கு 720 படம் எடுக்கணும், ஒவ்வொண்டுக்கும் கடதாசிய மயிரிழை அளவுக்கு நகர்த்தணும். மட்டக்குளியில சின்ன அறை, ஃபேன் போட்டா கடதாசி பறக்கும், யன்னல் திறந்தா வெளிச்சம் மாறும், அதனால ரெண்டையும் மூடிக்கொண்டு ஏப்ரல் மாச வெக்கையில இருந்து செஞ்சா. மேசைய ஆரும் தட்டினா முழு ஷொட்டும் போச்சு. தம்பி தங்கச்சிமார் அந்த அறைப் பக்கம் வராம தாய் காவல் இருந்தவங்க எண்டு சொன்னா. இத விளையாட்டு எண்டு எப்படி சொல்றது. றேடியோ பீச்சர் செஞ்ச ஒரு குறூப் ஆடிவேல் நாள்ல செட்டியார் தெருவில இருந்து தேர் போற பாதை முழுக்க சத்தம் மட்டும் எடுத்து, ஒரு கண் தெரியாத ஆளுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் எண்டு கேட்டுப் பார்க்கிற மாதிரி எடிட் பண்ணினாங்க. நான் அத இப்பவும் இடைக்கிட போட்டுக் கேக்கிறனான்.

காசுக் கஷ்டத்த விரிச்சு எழுதத் தேவையில்ல, நாட்டில எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2022ல டொலர் 200ல இருந்து 300 தாண்டி ஓடினதோட கமராவும் லென்ஸும் சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு எட்டாமப் போச்சு, இப்ப வாடகைக்குத்தான் எடுக்கிறாங்க, நாலு அஞ்சு பேர் சேர்ந்து காசு போட்டு, அடையாள அட்டைய கடையில வச்சிட்டு, அண்டைக்கே திருப்பிக் குடுக்கணும் எண்ட அவசரத்தில. அந்த வருஷம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்கள்ல படிச்ச பட்ச் எப்ப கரண்ட் வருதோ அப்ப எழும்பி எடிட் பண்ணினவங்க, சாமம் ரெண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் வரும், சேர் ரெண்டர் 60 வீதம் போயிட்டுது, கரண்ட் போகாம இருக்கக் கும்பிடுங்க எண்டு. எடிட் பண்ணினத கம்ப்யூட்டர் முழுப் படமா ஆக்குறதத்தான் ரெண்டர் எண்டு சொல்றது.

ரோட்டில எடுக்கிறதும் இப்ப பெரிய பாடு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்கு பிறகு கமராவ தூக்கினா செக்கியூரிட்டிமார் ஓடி வாறதில பிழை சொல்ல ஏலாது, ட்ரோன் எண்டா சிவில் விமான சேவை அதிகாரசபையில பதியணும், அனுமதி எடுக்கணும், அதெல்லாம் வேணும்தான். ஆனா ஒரு கட்டடத்துக்கு வெளியில பொது நடைபாதையில ட்ரைபொட் வச்சு எதிர்ப்பக்க மரத்த எடுத்த பிள்ளைய பிடிச்சு வச்சு, போன வாங்கிப் பார்த்து, எல்லாத்தையும் அழிக்கச் சொன்ன சம்பவம் எங்கட வகுப்பிலேயே நடந்தது. பத்திரிகைக்காரருக்கு தகவல் திணைக்களம் அட்டை குடுக்குது, மாணவருக்கு கையில இருக்கிறது கோர்ஸ் நடத்துற இடம் அடிச்சுக் குடுக்கிற ஒரு துண்டுக் கடிதம் மட்டும். மூண்டு மொழியிலயும் படம் ஒட்டி, பொலிஸுக்கும் விளங்கிற மாதிரி, எல்லா மீடியா கோர்ஸ் பிள்ளைகளுக்கும் பொதுவா ஒரு அட்டை வந்தா எவ்வளவு பிரச்சினை குறையும். முக்கியமா தமிழ்ப் பிள்ளைகளுக்கு. ஏன் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

பொம்பிளப் பிள்ளைகளின்ட வீட்டில பயம் வேற. ஆறு மணிக்கு பிறகு ஷூட்டிங் எண்டா அனுப்ப மாட்டாங்க, அது விளங்குது, மருதானையில இருந்து வத்தளைக்கு இருட்டில பஸ்ல தனிய வாறது லேசில்ல. அதுக்காகத்தான் நாங்க குறூப்பா அனுப்புறம், பகல் வெளிச்சத்த பாவிச்சே கதைய யோசிக்கச் சொல்றம். ஆனா மகள் எங்க போறா என்ன செய்யுறா எண்டு ஒரு நாளும் கண்ணால பார்க்காத தாய்க்கு நாங்க என்ன சொன்னாலும் வெறும் வார்த்தைதான். அவ செஞ்ச படத்த ஒரு மண்டபத்தில நாலு பேர் இருந்து பார்த்து கை தட்டுறத அந்தத் தாய் கண்டா கதையே வேற.

எழுத்துப் பிரச்சினை ஒண்டும் இருக்கு, வெளியில இருக்கிறவங்களுக்கு சின்ன விஷயமா தெரியும். எடிட்டிங் சொப்ட்வெயார்ல தமிழ் டைட்டில் போட்டா கொம்பும் காலும் எழுத்த விட்டுட்டு தனித்தனியா நிக்கும், கொழும்பு எண்டு அடிச்சா உடைஞ்சு வரும். டெக்ஸ்ட் செட்டிங்க தென்னாசிய எழுத்துகளுக்கு மாத்தாட்டி சில சொப்ட்வெயார்ல இது சரிவராது, அதாலதான் எங்கட ஆக்கள் இப்பவும் யூனிகோட் இல்லாத பழைய பாமினி ஃபொன்ட்ட விடாம வச்சிருக்கிறாங்க, ஆனா பாமினியில அடிச்சத யூனிகோட் சப்டைட்டில் ஃபைலுக்கு அப்படியே கொண்டுபோக ஏலாது, மாத்தி எடுக்கணும், மாத்தக்குள்ள பிழை வரும், திரும்ப ஒவ்வொரு வரியா வாசிச்சு திருத்தணும். இத எப்படி செய்யுறது எண்டு தமிழ்ல ஒழுங்கா எழுதின ஒரு கைநூல பிள்ளைக்கு குடுக்க எங்களிட்ட இல்ல. மனசுக்கு கஷ்டமா இருக்கிறது என்னெண்டா, கொழும்புல 1925 டிசம்பர்ல வானொலி தொடங்கி 100 வருஷம் ஆச்சு, இலங்கை வானொலியில இருந்த சோ. சிவபாதசுந்தரம் 1950கள்லயே ஒலிபரப்பு எப்படி செய்யுறது எண்டு தமிழ்ல முழுப் புத்தகமே எழுதினவர், மைக்குக்கு முன்னால எப்படி கதைக்கிறது எண்டதில இருந்து. அவர் அந்தக் காலத்தில செஞ்சத நாங்க வீடியோவுக்கு இன்னும் செய்யேல்ல. நான் வொய்ஸ் மெசேஜா அனுப்புறதுதான் எங்கட பிள்ளைகளுக்கு பாடப்புத்தகம்.

மதிப்பீடு செய்யுற நாளப் பற்றியும் சொல்லியாகணும். ஒரு தடவை ப்ரொஜெக்ட் பார்க்க வந்தவருக்கு தமிழ் தெரியாது. நல்ல மனுசன், பண்பா நடந்துகொண்டார், தொழில் தெரிஞ்சவர். ஆனா படத்தில ஒரு ஆச்சி தன்ட காணி போன கதைய சொல்லிக்கொண்டு போய் இடையில நிப்பாட்டி, அடுத்த சொல்லு வராம இருந்து, பிறகு வேற ஏதோ கதைப்பா. அந்த இடத்த வெட்டாம விட்டதுதான் அந்தப் பிள்ளையின்ட கெட்டித்தனம். அவருக்கு சப்டைட்டில்ல அந்த இடத்தில ஒண்டும் இல்ல, அதால ஷொட் நீளம், வெட்டணும் எண்டு மார்க்ஸ் குறைச்சார். பிள்ளை எழும்பி சிங்களத்தில விளங்கப்படுத்தப் பார்த்தது, வார்த்தை வரேல்ல, இருந்திட்டுது. 1987ல அரசியலமைப்பின்ட 13ம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி ஆச்சு. தமிழ்ல படிக்கச் சேர்த்த பிள்ளையின்ட வேலைய பார்க்க வாற குழுவில தமிழ் கேட்டா விளங்குற ஒருத்தராவது இருக்கணும் எண்டு கேக்கிறது பெரிய கோரிக்கையா? சப்டைட்டில் போடப் பழக்குறது நல்லது, போடத்தான் வேணும், மற்ற மொழிக்காரரும் எங்கட படத்த பார்க்கணும். ஆனா ஆச்சி பேசாம இருந்ததுக்கு சப்டைட்டில் போட ஏலாது.

ஓஜேடி எண்ட வேலைத்தலப் பயிற்சிக்கு வாறன். கோர்ஸின்ட கடைசிப் பகுதியில பிள்ளைகள் ஒரு நிறுவனத்துக்கு போய் மாசக்கணக்கா வேலை பழகணும், ஒவ்வொரு நாளும் என்ன செஞ்சம் எண்டு பயிற்சிப் புத்தகத்தில எழுதி மேற்பார்வையாளரின்ட கையெழுத்து எடுக்கணும். ஒரு பிள்ளை பெரிய பேர் உள்ள ஒரு இடத்துக்கு போனா, வீட்டில எல்லாருக்கும் பெருமை, சொந்தக்காரருக்கெல்லாம் கோல் எடுத்து சொன்னவங்க. புத்தகத்த நான் வாங்கிப் பார்த்தா பக்கம் பக்கமா ஒப்சர்வேஷன் எண்டு ஒரே சொல்லு. கதிரையில இருத்தி வச்சிருக்கிறாங்க, இடைக்கிட சாப்பாட்டுப் பார்சல் எடுக்க அனுப்பியிருக்கிறாங்க, எடிட் சூட்டுக்குள்ள விடவே இல்ல. அதே பட்ச்ல மார்க்ஸ் குறைஞ்ச ஒரு பெடியன் கொட்டாஞ்சேனையில ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்குத்தான் போனான், முதல் கிழமையிலேயே மூண்டு கமராவில எடுத்த ஃபுட்டேஜ நேரம் பொருந்த ஒண்டா சிங்க் பண்ண வச்சாங்க, சாமத்திய வீடு, கல்யாணம் எண்டு லைட் மாறிக்கொண்டே இருக்கிற மண்டபங்கள்ல நிண்டு, தாலி கட்டுற அந்த ரெண்டு செக்கன தவற விட்டா திரும்ப எடுக்க ஏலாது எண்ட பயத்தோட வேலை பழகி, இப்ப அவன நம்பி தனிய அனுப்புறாங்க. கல்யாண வீடியோக்காரர இந்தத் துறையில கீழ பார்க்கிற பழக்கம் இருக்கு. என்ட கண்ணுக்கு கொழும்புல தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்மையா தொழில் பழக்குறது அவங்கதான், அவங்களுக்கு நான் கை எடுத்துக் கும்பிடுறன். பெரிய இடங்களிட்ட கேக்கிறது ஒண்டுதான், ஒரு பிள்ளைய எடுத்தா ஒரு சின்ன வேலையாவது அதின்ட கையால முழுசா முடிக்க விடுங்க, ஒரு நிமிஷச் செய்தித் துண்டு எண்டாலும் பரவாயில்ல.

இவ்வளவும் செஞ்சு முடிச்ச பிறகு அந்தப் படங்களுக்கு என்ன நடக்குது? வகுப்பறையில ஒரு நாள் ப்ரொஜெக்டர்ல போடுறம், வகுப்புப் பிள்ளைகளும் படிப்பிக்கிறவங்களும் மதிப்பீட்டாளரும் பார்க்கிறாங்க, மார்க்ஸ் போடுறாங்க, ஹார்ட் டிஸ்க்ல கொப்பி பண்ணி அலுமாரியில வைக்கிறாங்க. அடுத்த பட்ச் வரக்குள்ள டிஸ்க்ல இடம் காணாது. 4கேயில நல்ல தரத்தில, 100 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 100 மெகாபிட் எண்டு வச்சா, ஒரு மணித்தியாலம் எடுத்தது 45 ஜிபி பிடிக்கும், அதால பழசெல்லாம் அழிபடும், எடுத்த ஃபுட்டேஜோட சேர்ந்து முடிச்ச படமும் அழிபடும். முடிச்ச 10 நிமிஷப் படம் 1 ஜிபிகூட வராது, அத வச்சிருக்க ஒரு செலவும் இல்ல, வச்சிருக்கணும் எண்டு நினைக்க ஒருத்தர் இல்லாததுதான். சமைச்சு இறக்கின சோத்த ஒருத்தருக்கும் போடாம பானையோட கவிழ்க்கிற மாதிரி இருக்கு எனக்கு. புறக்கோட்டையில அந்த வயசான நாட்டாமி பெடியனிட்ட கேட்டாராம், தம்பி இத எங்க எப்ப பார்க்கலாம் எண்டு. அவனுக்கு சொல்ல பதில் இருக்கேல்ல. யூடியூப்ல போட்டிருக்கு எண்டு லிங்க் அனுப்பலாம், ஆனா அந்த மனுசனிட்ட இருக்கிறது பட்டன் போன். யூடியூப்ல போட்டா கூட்டாளிமார் பார்த்து ஹார்ட் போடுவாங்க, அதோட அமுங்கிப் போகும்.

ஆக்களுக்கு முன்னால போட்டா என்ன நடக்கும் எண்டு எனக்கு தெரியும், ஒரு தரம் ஒரு கோயில் மண்டபத்தில பூசை முடிஞ்ச பிறகு ரெண்டு படம் போட விட்டாங்க. வயசான ஆக்கள்தான் கூட. டைட்டில் எழுத்து சின்னன், வாசிக்க ஏலாது எண்டு முன் வரிசையில இருந்த ஒரு அம்மா சத்தமாவே சொல்லிட்டா. பாட்டுச் சத்தத்தில கதைக்கிறது கேக்கேல்ல எண்டு இன்னொருத்தர். நான் எத்தினையோ தரம் சொல்லி கேக்காத பிள்ளை அண்டிரவே போய் மியூசிக்க குறைச்சு எழுத்த பெருசாக்கி திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணிச்சுது. படம் முடிஞ்ச உடனே ஒரு ஐயா எழும்பி, இதில வாற தெருவிலதான் நான் பிறந்தனான், அந்தக் கிணறு இருந்த இடம் இது இல்ல, இன்னும் உள்ளுக்கு எண்டு தொடங்கி அரை மணித்தியாலம் கதைச்சார், பிள்ளை போன எடுத்து அதையும் ரெக்கோட் பண்ணிச்சுது, அதில இருந்து அடுத்த படத்துக்கு கதை வந்தது.

அதால ஆசிரியர் ஐயா, நான் கேக்கிறது புதுக் கட்டடமோ புதுக் கமராவோ இல்ல. வெள்ளவத்தையில 57ம் ஒழுங்கையில கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு, 1942ல இருந்து இயங்குது, சங்கரப்பிள்ளை மண்டபம் இருக்கு, புத்தக வெளியீடும் நினைவுப் பேருரையும் நடக்கிற அதே மேடையில மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு ப்ரொஜெக்டரும் ரெண்டு ஸ்பீக்கரும் வச்சா போதும், எந்த கோர்ஸ்ல படிக்கிற பிள்ளை எண்டாலும் வரட்டும், அரசாங்க இடமோ தனியார் இடமோ. கொட்டாஞ்சேனைப் பக்கத்திலயும் மண்டபங்கள் இருக்கு, வடகொழும்பு ஆக்கள் வெள்ளவத்தைக்கு வந்துதான் பார்க்கணும் எண்டில்ல. வசந்தமும் நேத்ராவும் மக்களின்ட காசில நடக்கிற தமிழ் சனல்கள், கிழமைக்கு அரை மணித்தியாலம் மாணவர் படங்களுக்கு ஒதுக்கினா நிகழ்ச்சி செய்யுற செலவே அவங்களுக்கு இல்ல, தரம் பார்த்து தெரிவு செய்ய ஒரு குழு மட்டும் வேணும். 2005ல தொடங்கி எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில சேர்த்து வச்சிருக்கிற ‘நூலகம்’ எண்ட தளம் மாதிரி ஒரு இடத்தில இந்தப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் குடுத்து வச்சா, 20 வருஷம் கழிச்சு புறக்கோட்டை எப்படி இருந்தது எண்டு தேடுற ஒருத்தருக்கு அந்த வண்டில் சத்தம் கேக்கும்.

உங்களிட்ட கேக்கிறது இன்னும் சின்னது. ஞாயிறு பதிப்பில புத்தக விமர்சனம் போடுறீங்க, இந்தியாவில வாற படத்துக்கு முழுப் பக்கம் போடுறீங்க, மாசத்துக்கு ஒருக்கா ஒரு மாணவர் படத்துக்கு கால் பக்கம் தாங்க, பேருக்கு ஒரு பாராட்டு வேண்டாம், உங்கட விமர்சகர் உண்மையா என்ன நினைக்கிறாரோ அத எழுதட்டும், பிழை இருந்தா பிழை எண்டே எழுதட்டும், படத்த உங்கட இணையத்தளத்தில போடுங்க. திட்டி எழுதினாலும் அந்தப் பத்திரிகைய வெட்டி வச்சுக்கொள்ளும் இந்தப் பிள்ளைகள்.

இப்ப படிக்கிற பட்ச் இந்த வருஷக் கடைசியில முடிக்குது. படங்கள் 5ல இருந்து 12 நிமிஷம் வரைக்கும் இருக்கு, தமிழ் சப்டைட்டிலும் சிங்கள சப்டைட்டிலும் தனித்தனி ஃபைலா தரலாம். படத்தில வாற ஆக்களிட்ட எழுத்தில சம்மதம் எடுத்து வச்சிருக்கிறம், பாவிச்ச இசை பிள்ளைகளே செஞ்சது, அதால உரிமைப் பிரச்சினை வராது. ஞாயிறு பக்கத்துக்கு பொறுப்பானவர் எந்தப் பின்னேரம் வந்தாலும் போட்டுக் காட்டுவம், வர ஏலாட்டி பென் ட்ரைவ்ல உங்கட அலுவலகத்துக்கு கொண்டுவந்து தாறன். என்ட தொலைபேசி இலக்கம் கடிதத்தோட தனியா இருக்கு, பத்திரிகையில போட வேண்டாம்.

நன்றி.

ஒரு பகுதிநேர எடிட்டிங் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.